லேத்தும் என் கையும்

அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் சேர்ந்தேன். வகுப்பில் பெண்கள் நாங்கள் இரண்டே பேர். ஒர்க்‌ஷாப்பில் பையன்கள் இரும்புக் கம்பி கடையும் லேத் இயந்திரத்தை ஓட்டுவார்கள். குழுவில் பெண் இருந்தால் அவள் பக்கத்தில் நின்று அளவுகளை எழுதுவாள். அப்படி யாரும் சட்டம் போடவில்லை. "உங்க எழுத்துதான் அழகா இருக்கு" என்பார்கள். எனக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது.

செய்முறைத் தேர்வில் ஒவ்வொருவரும் தனியாகக் கடைந்து காட்ட வேண்டும் என்று தெரிந்ததும் பெருமையெல்லாம் இறங்கிவிட்டது. மறுநாளே என் குழுப் பையனிடம் பேனாவை நீட்டினேன்.

"ஐயோ, என் எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும்" என்றான்.

"எனக்கு லேத்தும் அப்படித்தான் வரும். ரெண்டு பேரும் பழகிக்குவோம்."

பயிற்றுநர் வந்தார். "எதுக்கும்மா, கையெல்லாம் கறையாயிடும்" என்றார், அக்கறையோடுதான்.

எங்கள் ஊர் உடையார்பாளையத்தில் லீவு நாளெல்லாம் முந்திரிக்கொட்டை உடைத்து, அதன் எண்ணெய் பட்டுத் தோலுரிந்து கறுத்த கை என்னுடையது. விரித்துக் காட்டினேன். "இதுக்கு மேல என்ன சார் ஆகப்போவுது?"

அவர் விலகி வழிவிட்டார்.

முதல் கம்பியை அளவுக்கு மீறிக் கடைந்து கெடுத்தேன். பின்னாலிருந்து சிரிப்பு கேட்டது. சுள்ளென்று கோபம் வந்தது. லேத்தை நிறுத்தி, கம்பியைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

"இவங்க கெடுத்த கம்பியை எல்லாம் பக்கத்துல நின்னு பாத்தவ சார் நான். எனக்கும் இன்னொண்ணு குடுங்க."