சொல்லிக்கொண்டு கிளம்புவது

கிடர்பூரில் வீடற்றவர்களுக்கு மதியச் சாப்பாடு போடும் இடத்தில் கிச்சடி பரிமாறுவதுதான் ஓய்வுக்குப் பின் என் வேலை. வங்காளிகளும் நம்மைப் போலத்தான். கிளம்பும்போது ‘போகிறேன்’ என்று வாய் தவறியும் சொல்லமாட்டார்கள். ‘ஆஷ்சி’ என்பார்கள், ‘வரேன்’ என்று அர்த்தம். நடைபாதையில் படுப்பவர்கள்கூடத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அப்படித்தான் சொல்லிக்கொண்டு போவார்கள்.

ஒரு கிழவர் மட்டும் தினமும் ‘ஜாச்சி’, போகிறேன், என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் எனக்குத் தெரிந்த வங்க மொழியில் கத்தியே விட்டேன்.

“என்ன பேச்சு அண்ணா இது? வரேன்னு சொல்லுங்க.”

அவர் கோபப்படவில்லை.

“வரேன்னு சொன்னா, யாராவது காத்திட்டிருக்கணும். நீங்க வீட்டுலேர்ந்து கிளம்பும்போது யார்கிட்ட சொல்லிட்டு வர்றீங்க?”

அடுத்தவர் தட்டில் கிச்சடியைப் போட்டேன். மனைவி இறந்தபின், லேக் கார்டன்ஸ் வீட்டில் பூட்டை இழுத்துப் பார்ப்பதோடு சரி.

மறுநாள் கதவைச் சாத்துமுன் உள்ளே பார்த்து, “வரேன்” என்றேன். படியில் இறங்கிக்கொண்டிருந்த மாடிவீட்டு வங்காளி அண்ணி நின்றாள்.

“ஊர்லேர்ந்து யாராவது வந்திருக்காங்களா?” என்று சந்தோஷமாகக் கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பூட்டினேன்.