காலடி மண்

வேளாங்கண்ணிக்குப் போகும் பஸ் வழியில் பஞ்சராகி ஒரு கிராமத்தில் நின்றது. என் பக்கத்தில் பாதி முகத்தைக் கைக்குட்டையால் மூடியே வந்தவர், டீ குடிக்க அதை அவிழ்த்தார். ஒட்டிய கன்னம், குழிந்த கண்கள். எதிரே நின்ற சிறுமி வீறிட்டு அலறினாள்.

எனக்கும் அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. இலங்கையிலிருந்து அகதியாக வந்து, படத்துக்குப் படம் பேயாகவே நடித்தவர்.

“அவங்கப்பா துபாய்லேருந்து டிவி அனுப்புனாலும் அனுப்புனாரு, இந்த ஆளப் பாத்துட்டுப் புள்ள தூங்குறதே இல்ல!” என்றாள் சிறுமியின் தாய். நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் அவர் சட்டையைப் பிடித்தான். அவர் டீ கிளாஸைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“விடுங்கண்ணே. அவரு காலடி மண்ணு கொஞ்சம் குடுத்தாப் போதும். உப்பு, மொளகாயோட சுத்திப் போட்டா பயம் தெளிஞ்சிடும்” என்றாள் தாய்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரோ செருப்பைக் கழற்றி, ஈர மண்ணில் அழுத்தி மிதித்துவிட்டு நகர்ந்தார். “எடுங்கோ அம்மா.”

அந்தத் தடத்தைச் சிறுமி எட்டிப் பார்த்தாள். அழுகை நின்றிருந்தது.

பஸ் கிளம்பியதும் கேட்டேன்: “உங்களுக்குக் கோபமே வரலையா?”

கைக்குட்டையை மறுபடி கட்டிக்கொண்டு சொன்னார்: “படத்தில என்னைக் கயித்தில கட்டித் தொங்கவிடுவினம் தம்பி. பேயின்ர கால் நிலத்தில படக் கூடாதாம். இந்த நாட்டில நான் மிதிச்ச மண்ணை ஒராள் வேணுமெண்டு கேட்டது இண்டைக்குத்தான்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாரா என்பது கைக்குட்டைக்கு மேலே தெரிந்த கண்களிலிருந்து எனக்குப் பிடிபடவில்லை.