ஒண்ணுமில்ல அத்தானும் வெள்ளைக் கட்டமும்

என் அக்கா புருஷனுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'ஒண்ணுமில்ல'. காலில் பைக் ஏறினாலும் மனுஷன் அதைத்தான் சொல்லுவார். மென்பொருள் எழுதிக் கொடுப்பது தொழில். வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டதில் மிச்சம் இருப்பது, நான் வரவேற்பில் உட்காரும் கண் மருத்துவமனை ஒன்றுதான். அதையும் ஒரு நாள் கோட்டைவிடப் பார்த்தார்.

மருத்துவமனைக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தன. அத்தான் எழுதிய புக்கிங் திரையைத் திறந்தால், காலண்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு கட்டம். தட்டு தட்டென்று தட்டினாலும் எந்தத் தேதியும் ஏறவில்லை. கண்ணில் சொட்டு மருந்தோடு காத்திருந்த கூட்டம் என்னைப் பிடித்துக் கத்தியது. டாக்டர் வெளியே வந்தார்.

"மதியத்துக்குள்ள சரியாகலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்மா. உங்க அத்தான்கிட்ட சொல்லிடு."

இதுவும் போனால் அக்கா வீட்டில் அடுப்பு எரியாது.

அத்தான் லேப்டாப்போடு ஓடி வந்தார். அந்தக் காலண்டர் அவர் எழுதியது இல்லை. எப்போதோ கடையை மூடிவிட்டுப் போன ஒரு கம்பெனி செய்தது. அதைத் தன் திரைக்குள் ஒட்டுப்போட்டு வைத்திருந்தார். அதை மறுபடி ஏற்றினார், கம்ப்யூட்டரில் பதிவு செய்து பார்த்தார், என்ன நினைத்தாரோ, கட்டத்தின் நிறத்தையும் மாற்றினார். வெள்ளைக் கட்டம் நீலக் கட்டம் ஆனது. அவ்வளவுதான் முன்னேற்றம்.

"என்ன எரர் காட்டுது அத்தான்?"

"ஒண்ணும் காட்டல."

"அதெப்படி காட்டாம இருக்கும்?"

"நான்தான் காட்டாதன்னு எழுதி வச்சிருக்கேன். எரர் வந்தா கண்டுக்காம அடுத்த வரிக்குப் போயிடும். பாக்கறவங்க பயந்துடுவாங்கல்ல?"

"அடக் கடவுளே! நீங்கதான் வாயைத் திறக்க மாட்டீங்க, அதோட வாயையுமா அடைச்சு வச்சீங்க? முதல்ல அந்த வரியைத் தூக்குங்க!"

தூக்கினார். திரை உடனே பேசியது: இந்தக் காலண்டருக்கான உரிமம் இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. அத்தான் தலையில் அடித்துக்கொண்டார். மருத்துவமனையின் பழைய கம்ப்யூட்டர்களில் லைசென்ஸ் ஏற்றியிருந்தார், அவை போய்விட்டன; இனி அந்த உரிமக் கோப்பு இருப்பது அவர் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் மட்டும். அக்காவுக்குப் போன் போட்டார்.

"அந்த ஓட்டை டப்பாவா? போன வாரமே பழைய இரும்புக்காரர்கிட்ட போட்டாச்சு. உங்களைக் கேட்டுட்டுத்தானே போட்டேன்? என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல, போட்டுக்கோன்னேன்," என்றார் அத்தான், செத்த குரலில்.

வேறு வழியில்லை. காலண்டரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நாள், மாதம், வருஷம் என்று மூன்று வெறும் கட்டங்களை வைத்தார். தேதி ஏறியது. அதற்குள் டாக்டர் வந்து நின்றார்.

"ஏதாவது பிரச்சனை இருக்கா?"

அத்தான் வாய் வழக்கம்போலக் குவிந்தது. நான் முறைத்த முறைப்பில் மாறியது.

"இருக்கு டாக்டர். காலண்டர் போயிடுச்சு. இனிமே தேதியைக் கையாலதான் அடிக்கணும்."

"போகட்டும் விடுங்க. கடுகு சைஸ்ல இருந்தது, எனக்கே கண்ணு தெரியல. ஆசையா வச்சிருக்கீங்களேன்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

பிழைத்தோம். சாயங்காலம் அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம்.

"டப்பாவைப் போட்டதுல வருத்தமா?" என்றாள் அக்கா.

"வருத்தம்தான்."

அக்கா கை கரண்டியோடு நின்றது. இப்படி ஒரு பதிலை அவள் கேட்டதே இல்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அப்ப இதையும் சொல்லுங்க. உப்பு எப்படி இருக்கு?" என்றாள்.

"கம்மி."

"எத்தனை நாளா?"

"கல்யாணத்துலேருந்து."

அக்கா உப்பு ஜாடியைக் கொண்டுவந்து அவர் முன்னால் நங்கென்று வைத்தாள்.

"சொல்லித் தொலைச்சா கொறஞ்சா போயிடுவீங்க?" குரல் உடைந்துவிட்டது.

அத்தான் உப்பைப் போட்டுப் பிசைந்து மொத்தமும் சாப்பிட்டார். பிறகு தட்டை நீட்டினார். அந்த வீட்டில் அவர் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.