கேள்வித்தாளுக்கு வைத்த பரீட்சை

எங்கள் தொழிலில் பரீட்சை எழுதுவது பிள்ளைகள் இல்லை, கேள்வித்தாள்தான். பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வருகிறதா, ஆசிரியர் எப்படிக் கற்பிக்கிறார், ஒரு வகுப்பு நடத்தியதால் பலன் உண்டா என்று யாராவது தெரிந்துகொள்ள விரும்பினால், அதற்கான கேள்வித்தாளையோ படிவத்தையோ நாங்கள் எழுதித் தருவோம். தருவதற்கு முன்னால் சில பள்ளிகளில் ஓட்டிப் பார்ப்போம். எந்தக் கேள்வி உண்மையை அளக்கிறது, எது சும்மா ஏமாற்றுகிறது என்று பார்த்து, ஏமாற்றுவதைத் தூக்கிவிடுவோம்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். கதவில் ‘மதிப்பீட்டுக் கருவி உருவாக்கமும் சரிபார்ப்பும்’ என்று எழுதியிருக்கும். ‘கருவி’ என்பதைப் பார்த்துவிட்டு ஓர் அங்கிள் ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷினை ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு படியேறி வந்திருக்கிறார். நீங்களும் என்றைக்காவது ஒரு பரீட்சை அறையில் கேள்வி புரியாமல் பேனாவைக் கடித்தவராகத்தான் இருப்பீர்கள். அது உங்கள் தப்பாக இல்லாமலும் இருக்கலாம். அந்த ஆறுதலுக்காகவே இவற்றை எழுதுகிறேன்.

மாமா எப்போது பசியாறினார்?

பள்ளியில் பல வருடம் கற்பித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள் நான். முதலில் எழுதியது இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கான வாசிப்புத் தேர்வு. அதில் ஒரு வரி: ‘மாமா பசியாறிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.’ கேள்வி: ‘மாமா எந்த வேளையில் கிளம்பினார்?’ காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கு விடைகள். எங்கள் புள்ளிவிவரக்காரர் பிரகாஷ் அப்போதுதான் மதுரையிலிருந்து வேலை விசாவில் வந்திருந்தார். தாளைப் படித்தவர், “இதுக்கு விடையே இல்லையே, மேடம். பசி எப்ப வேணும்னாலும் ஆறுமே” என்றார். நான் சிரித்தேன். இங்கே பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடுதான், மதியம் யாரும் பசியாறுவதில்லை என்று விளக்கினேன்.

கிள்ளானில் ஒரு பள்ளியில் ஓட்டிப் பார்த்தபோது இரண்டு பிள்ளைகள் அந்த ஒரு கேள்வியில் மட்டும் தவறியிருந்தார்கள். மற்றதெல்லாம் சரி. விசாரித்தால், இரண்டு பேருடைய அப்பாவும் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். என் கேள்வி வாசிப்பை அளக்கவில்லை, வீடு எந்த ஊர் என்பதை அளந்திருக்கிறது. ஆனாலும் அந்தச் சொல்லை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. இது நம் ஊர்ச் சொல், பிள்ளைகள் தினமும் கேட்பது என்று வாதாடினேன். கடைசியில் சொல்லை விட்டுவைத்து, ‘காலை ஏழு மணி’ என்று பக்கத்தில் சேர்த்து, கேள்வியையும் மாற்றினோம். எல்லாம் முடிந்த பிறகு பிரகாஷ் சொன்னார்: “கீழ் கடை அக்கா தெனமும் காலையில ‘பசியாறிட்டீங்களா’ன்னு கேக்கறப்ப, நான் பாக்க அவ்ளோ பட்டினியாத் தெரியறேன் போலன்னு நெனச்சிட்டிருந்தேன், மேடம்.”

நீளமான விடை

அதே தேர்வுக்காக ஒவ்வொரு பிள்ளையாக உட்காரவைத்து, விடையை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்போம். தர்ஷினி என்றொரு எட்டு வயதுப் பெண். பள்ளி நூலகத்தின் மூலையில் உட்கார்ந்து மளமளவென்று வட்டமிட்டாள். எல்லாம் சரி. சந்தோஷமாக, “இந்தக் கதையக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டும்மா” என்றேன். இரண்டாவது சொல்லில் நின்றுவிட்டாள். எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு எப்படி விடை கிடைத்தது என்று கேட்டதற்கு, நீளமாக இருப்பதுதான் எப்போதும் சரி என்று வெகு சாதாரணமாகச் சொன்னாள்.

காரில் உட்கார்ந்து தாளைத் திரும்பப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் நிஜம். சரியான விடையில் சந்தேகம் வரக்கூடாது என்று நான் கவனமாக விவரித்து எழுதியிருந்தேன். தவறான விடைகளுக்கு அவ்வளவு மெனக்கெடவில்லை, எல்லாம் ஒற்றைச் சொல். அந்தத் தாள் அப்படியே போயிருந்தால் தர்ஷினி ‘நன்றாக வாசிப்பவர்’ பட்டியலில் ஏறியிருப்பாள். வாசிப்பு உதவி வகுப்பில் அவளுக்கு இடம் இருந்திருக்காது. வகுப்பாசிரியரிடம் அன்றே சொல்லி, அந்த மாதமே அவளை உதவி வகுப்பில் சேர்த்தார்கள். எல்லா விடைகளையும் ஒரே அளவுக்குத் திருத்தி எழுதிக்கொண்டு திரும்பப் போனேன். தர்ஷினி புதுத் தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: “எல்லாமே ஒரே நீளமா இருக்கே, டீச்சர். இப்ப எப்படிக் கண்டுபிடிக்கறது?”

அழுத பையன்

ஒரு நாள் மதியம், கிளினிக் கவுண்டரில் வேலை செய்யும் ஓர் அம்மா சீருடையோடு அலுவலகத்துக்கு வந்தார். சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்ததாகச் சொன்னார். எங்கள் சோதனைத் தேர்வை எழுதிய நாளிலிருந்து அவருடைய மகன் அழுதுகொண்டே இருக்கிறானாம். தான் ஃபெயில் ஆகிவிட்டதாகவும் இனி அந்தப் பள்ளிக்குப் போக மாட்டேன் என்றும் சொல்கிறானாம். அந்தத் தாளில் வேண்டுமென்றே சில கடினமான கேள்விகளை வைத்திருந்தோம், எதுவரைக்கும் பிள்ளைகளால் போக முடிகிறது என்று பார்க்க. மார்க் யாருக்கும் போகாது, அவன் பெயர்கூட எங்களிடம் இல்லை, நாங்கள் சோதித்தது தாளைத்தான் என்று அந்த அம்மாவிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இத அவன்கிட்ட யாருமே சொல்லலையே, மேடம்” என்றார்.

உண்மைதான். தலைமையாசிரியருக்குக் கடிதம் கொடுத்தோம், பெற்றோருக்குக் கொடுத்தோம், எழுதப்போகும் பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் அந்த அம்மாவின் போனில் பையனிடம் பேசினேன். தம்பி, அந்தத் தாளை நாங்கதான் எழுதினோம், அது நல்லா இருக்கான்னு பார்க்க நீ உதவி பண்ணின, சில கேள்வி ரொம்பக் கஷ்டமா இருக்குன்னு உன்னாலதான் எங்களுக்குத் தெரிஞ்சது என்றேன். இப்போதெல்லாம் ஒவ்வொரு வகுப்பிலும் தாளைக் கொடுக்கும் முன் இதைத்தான் சொல்கிறோம். அன்று போனில் அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்: “அப்ப உங்க பேப்பர் பாஸா ஃபெயிலா, டீச்சர்?”

ஒரே கட்டுரை, இரண்டு மார்க்

கட்டுரை திருத்துவதற்குச் சில ஆசிரியர்களை வரவழைப்போம். செமினியிலிருந்து வருபவர் குணசேகரன் சார். இருபது வருடத்துக்கு மேல் கற்பித்தவர், அவர் திருத்தினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கட்டுக்குள் ஒரே கட்டுரையை இரண்டு வேறு எண்களில், இரண்டு முறை வைத்துவிடுவோம். ஒருவர் ஒரே சீராகத் திருத்துகிறாரா என்று பார்ப்பதற்கு. இப்படி எங்காவது இருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுவோம், எது என்று மட்டும் சொல்ல மாட்டோம். வீட்டுக்குள் பாம்பு வந்ததைப் பற்றி ஒரு பிள்ளை எழுதியிருந்தது. காலையில் சார் அதற்கு இருபதுக்குப் பதினைந்து கொடுத்திருந்தார். மதியம் அதே பாம்புக்கு ஒன்பது.

தனியாகக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்ப வாசித்தார். இது எல்லாருக்கும் நடப்பதுதான் சார், அதனால்தான் ஒரு கட்டுரையை இரண்டு பேர் திருத்துகிறோம், மாதிரி விடைகளோடு வழிகாட்டி தருகிறோம் என்றேன். அவர் அதில் ஆறுதல் அடைந்த மாதிரித் தெரியவில்லை. அடுத்த மாதம் அவரே உட்கார்ந்து அந்த வழிகாட்டியை எங்களுக்குத் திருத்தி எழுதிக் கொடுத்தார். இன்றைக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். ஆனால் அன்று, தாள்களை என்னிடம் நீட்டியபோது சொன்னது இதுதான்: “ரெண்டும் என் கையெழுத்துதான். எது சரியான மார்க்குன்னு எனக்கே தெரியல, டீச்சர். இத்தன வருஷமா நான் திருத்தினதுக்கெல்லாம் ரெண்டாவது காப்பி இல்லையே.”

எல்லாவற்றுக்கும் ஐந்து

இது என் தப்பு. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ஆசிரியர்கள் தங்களைத் தாங்களே மதிப்பிட ஒரு படிவம் தயாரித்தோம். ‘பாடத்தை முன்கூட்டியே தயார் செய்கிறேன்’, ‘பின்தங்கிய மாணவர்களுக்கு நேரம் ஒதுக்குகிறேன்’ என்று வரிசையாக வாக்கியங்கள், ‘ஒருபோதும் இல்லை’ என்றால் ஒன்று, ‘எப்போதும்’ என்றால் ஐந்து என்று வட்டமிட வேண்டும். வந்த படிவங்களில் பெரும்பாலும் மேலிருந்து கீழ்வரை ஐந்து, ஐந்து, ஐந்து. எல்லாரும் ஒரே விடை போட்டால் அந்தப் படிவத்தால் எதையும் அளக்க முடியாது. மேரு பக்கம் ஒரு பள்ளியிலிருந்து வந்த ஒரு படிவத்தில் மட்டும் இரண்டும் மூன்றும் இருந்தன. பின்தங்கிய மாணவர்களுக்கு நேரம் ஒதுக்குவதில் இரண்டு. பக்கத்தில் சின்ன எழுத்தில், ‘ஒரு வகுப்பில் நாற்பது பேர், முடியவில்லை’ என்று எழுதியிருந்தது. நானும் பிரகாஷும் அதைக் கொண்டாடினோம்.

அந்தப் பள்ளிக்கு அனுப்பிய சுருக்க அறிக்கையில், படிவத்தில் குறித்திருந்த அனுபவத்தை வைத்து, ‘ஐந்து ஆண்டுக்குக் குறைந்த அனுபவம் உள்ள ஆசிரியர்கள் பின்தங்கிய மாணவர்களுக்குப் போதிய நேரம் ஒதுக்குவதில்லை’ என்று ஒரு வரி எழுதினேன். அந்தப் பள்ளியில் அப்படிப்பட்ட ஆசிரியர் ஒருவர்தான். புவனா என்று பெயர். படிவத்தின் முதல் பக்கத்திலேயே யார் எழுதியது என்று எவருக்கும் தெரியாது என்று கொட்டை எழுத்தில் வாக்குக் கொடுத்திருந்தோம். தலைமையாசிரியருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. அவர் திட்டவில்லை. ஆசிரியர் கூட்டத்தில், “நம்மள்ல சிலருக்குப் பிள்ளைங்களப் பாக்க நேரம் இல்லையாம்” என்று மட்டும் சொன்னாராம். எல்லாரும் புவனாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த வாரம் அவருடைய வகுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

புவனா போன் செய்து இதைச் சொன்னபோது அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை அதிகம் படுத்தியது. மறுநாளே போனேன். தலைமையாசிரியரிடம் தவறு எங்களுடையது என்று சொல்லி அறிக்கையைத் திரும்ப வாங்கினேன். தாளைக் கொடுத்துவிட்டார், படித்ததை எப்படித் திருப்பிக் கொடுப்பார்? வகுப்பும் திரும்பி வரவில்லை. பள்ளிக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் புவனாவோடு உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். இனிமேல் சின்னக் குழுக்களைப் பற்றித் தனியாக எழுதவே மாட்டோம், அலுவலகத்தில் அதை விதியாகவே போட்டுவிட்டோம் என்றேன். அவர் மைலோவைக் கலக்கிக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்: “நல்லது, சிஸ். ஆனா அடுத்த ஃபாரம் வந்தா நான் எல்லாத்துக்கும் அஞ்சுதான் வட்டம் போடுவேன். கோவத்துல சொல்லல லா, உங்ககிட்ட முன்கூட்டியே சொல்லி வெக்கிறேன்.”

சனிக்கிழமை வகுப்பு

சுங்கை வே என்ற ஊரில் ராஜன் அங்கிள், தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அடுக்குமாடி வீடுகளின் கீழே இருந்த சின்ன மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்பு வகுப்பு நடத்தினார். பலன் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று அவரே எங்களைக் கூப்பிட்டார். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு தேர்வு, முடிவில் ஒரு தேர்வு. வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கும் வைத்தோம், அதே பள்ளியில் வகுப்புக்கு வராத பிள்ளைகளுக்கும் வைத்தோம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் முன்னேறியிருந்தார்கள். வகுப்பால் கூடுதலாக ஒன்றும் நடக்கவில்லை. பிரகாஷ் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தும் அதேதான் வந்தது.

நேரில் போய்ச் சொன்னேன். அவர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் அடுக்கி முடித்தார். அப்புறம், எந்த இடத்தில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்று கேட்டார். உயிர்மெய் எழுத்துகளே பலருக்குச் சரியாக வரவில்லை, நீங்கள் நேராகக் கதைப் புத்தகம் கொடுத்துவிட்டீர்கள் என்றேன். அடுத்த சனிக்கிழமையிலிருந்து எழுத்து அட்டைகளோடு ஆரம்பித்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அது பலித்ததா என்று இன்னும் நாங்கள் அளக்கவில்லை. அன்றைக்கு அறிக்கையின் வரைவைக் கையில் கொடுத்தேன். ‘மாணவர்களிடம் எதிர்பார்த்த முன்னேற்றம் ஏற்படவில்லை’ என்ற வரியில் விரலை வைத்தார். “‘வகுப்பு வேலை செய்யல’ன்னு எழுதுங்க, மேடம். அது என் தலையில இருக்கட்டும். பிள்ளைங்க முன்னேறலன்னு எழுதாதீங்க.”

இத்தனை வருடங்களில் நாங்கள் சரிபார்த்த கருவிகள் எத்தனையோ, ஆனால் அதிகம் திருத்த வேண்டியிருந்தது அவற்றை எழுதியவளைத்தான்.