எங்கள் வீட்டு அசுரன் எலும்பு

எங்கள் வீட்டில் அசுரன் எலும்பு இருக்கிறது என்று செஞ்சியில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். தெரியட்டுமே. நான் எதையும் ஒளித்து வைத்ததில்லை.

நான் பிறந்த ஊர் திருவக்கரைப் பக்கம். அங்கே மரம் கல்லாகிக் கிடக்கும். பட்டை, கணு, உள்ளே வளையம் எல்லாம் மரம்தான், தூக்கினால் கல். சாமி கொன்ற அசுரனின் எலும்பு அது, வீட்டுக்குள் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. வேலி போட்டுக் காக்கிற கல்மரங்களை நான் தொட்டதில்லை. தம்பியின் கொல்லையில் மல்லாட்டைக் கடலை விதைக்க உழும்போது கிளம்பி வரும் துண்டுகளைத்தான் பையில் கட்டி பஸ்ஸில் தூக்கிவந்து வீட்டில் பாலிஷ் போடுவேன்.

கிரானைட் பட்டறையில் எட்டு வருஷம் பாலிஷ் போட்ட கை என்னுடையது. தண்ணீர் விட்டு விட்டு, முரட்டு உப்புத்தாளில் தொடங்கி மாவுபோல நைசான தாள்வரை தேய்க்க வேண்டும். நடுவில் ஒரு தாளைத் தாண்டினால் கடைசியில் கீறல் பல்லிளிக்கும். எனக்குப் பொறுமை கிடையாது என்பார்கள். கல்லிடம் உண்டு, மனிதர்களிடம்தான் இல்லை.

மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும் வினை வந்தது. இரண்டு இடம் தட்டிப்போனது. என் வீட்டுக்காரரின் அக்கா காரணம் கண்டுபிடித்துவிட்டார்: எலும்பு இருக்கிற வீட்டில் கல்யாணம் எப்படிக் கூடும்? மூன்றாவது இடம் வருவதற்குள் எல்லாவற்றையும் ஏரியில் கொட்டச் சொன்னார். நான் முடியாது என்றேன்.

ஒருநாள் ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பினால், வீடெல்லாம் கற்பூர வாசனை. தோஷம் கழிக்கிறேன் என்று, நான் மூன்று மாதம் தேய்த்த கல்லின்மேல் நாத்தனார் கை நிறையக் கற்பூரத்தைக் கொளுத்தியிருந்தார். சூடு ஆறுமுன் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரையும் ஊற்றியிருந்தார். கல் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

"பாத்தியா, ஆத்திரத்துல வெடிச்சிட்டான்" என்றார்.

அழுகை முட்டியது. கோபம் அதைவிட.

"அவன் வெடிக்கல அண்ணி. நீங்க வெடிக்க வெச்சீங்க."

பிளந்த முகங்களில் தேன் நிற வளையங்கள் தெரிந்தன. அன்றைக்கே மறுபடியும் முரட்டுத் தாளில் தொடங்கினேன். ஒரு பாதியின் ஓரத்து வெடிப்பில் இறங்கிய மஞ்சள் மட்டும் போகவே இல்லை.

மூன்றாவது இடத்துக்காரர்கள் வந்தபோது இரண்டு பாதிகளையும் கூடத்தில் டிவி பக்கத்தில் வைத்தேன், வேண்டுமென்றேதான். மாப்பிள்ளையின் அம்மா அது என்ன என்று கேட்டார். நான் மறைக்காமல் சொன்னேன். பஜ்ஜியை எடுத்த அவர் கை அப்படியே நின்றது.

"இத்த அப்புறப்படுத்திட்டீங்கன்னா மேல பேசலாம்" என்றார்.

வீட்டுக்காரர் உடனே எழுந்து கல்லை எடுக்கப் போனார். என் வீம்பால் மகள் வாழ்க்கை கெடுகிறதோ என்று அந்த ஒரு நிமிஷம் நானே பயந்தேன்.

மகள் காப்பித் தட்டைக் கீழே வைத்தாள். "உக்காருங்க நைனா" என்றாள். பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, "ஒண்ணு எங்கம்மாகிட்ட இருக்கும். இன்னொண்ணு நா எங்க போனாலும் எங்கூட வரும். யோசிச்சி சொல்லுங்க" என்றாள்.

இன்னும் போன் வரவில்லை. வராவிட்டால் போகட்டும். மஞ்சள் இறங்கிய பாதியை மகள் அன்றைக்கே துணியில் சுற்றித் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.