அட்டை கேட்ட கார்

ஐம்பது வயதில் ஒரு தமிழன் வெள்ளவத்தையில் சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது எவ்வளவு பெரிய புத்திசாலித்தனம் என்று விளங்க வேண்டுமானால், அந்த வருடங்களில் நாங்கள் எப்படி நடந்தோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். நாங்கள் ஓரமாக நடந்தோம். பஸ்ஸில் தமிழில் கதைக்க வேண்டி வந்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டோம். காலி வீதியில் ஒருவரும் எங்களைத் திரும்பிப் பார்க்காத நாள் நல்ல நாள். யுத்தம் வடக்கில் நடந்தது. அதன் கேள்விகள் மட்டும் கொழும்புக்கு வந்து சந்திக்குச் சந்தி நின்றன. எங்கே போகிறாய், எங்கிருந்து வருகிறாய், அடையாள அட்டை எங்கே.

அப்படிப்பட்ட ஊரில்தான், யாரும் திரும்பிப் பார்க்காமல் இருக்கவே முடியாத ஒரு பொருளை நான் வாங்கினேன்.

இதற்குக் காரணம் கேட்டால் என்னிடம் இன்றைக்கும் ஒழுங்கான பதில் இல்லை. பத்திரிகை ஒன்றில் வாராவாரம் சிரிப்புக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். வாசகர்கள் சிரித்தார்களோ தெரியாது, ஆசிரியர் சிரித்ததில்லை. இருபத்தைந்து வருடம் பஸ்ஸில் தொங்கியாயிற்று, இனி ஒரு தடவையாவது இருந்து போவோம் என்று நினைத்தேன். இருந்து போவதற்கு ஒரு சாதாரண கார் போதும் என்பது வாங்கிய பிறகுதான் உறைத்தது.

ஜப்பானில் யாரோ மூன்று வருடம் ஓட்டிக் கழித்து, கப்பலில் வந்து இறங்கிய கார். எங்கள் ஊரில் அதைப் புதுக்கார் என்றுதான் சொல்வோம். இலங்கை றோட்டில் ஓடாதிருந்தால் புதியது, அவ்வளவுதான். விற்றவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "ஃபுல் ஒப்ஷன், சேர், ஃபுல் ஒப்ஷன்" என்றார். ஒப்ஷன் இருந்தவர்கள் எல்லாரும் கனடாவுக்குப் போய்விட்ட காலம் அது. எனக்கு மிஞ்சிய ஒப்ஷன்கள் இந்தக் காரோடு வந்து சேர்ந்தன.

அவை என்னென்ன என்பதை அறிய இரண்டு மாதம் பிடித்தது, ஏனென்றால் விளக்கப் புத்தகம் முழுக்க ஜப்பானிய மொழி. வேகம் இருபதைத் தொட்டதும் கதவுகள் டக்கென்று தாமாகவே பூட்டிக்கொள்ளும். முன்னால் ஒரு சின்னத் திரை. அதில் வரைபடம் உண்டு, ஆனால் ஜப்பானுக்கு மட்டும். நான் காலி வீதியில் போகப் போக, திரையில் ஒரு சிவப்பு அம்பு வெறும் நீலக் கடலுக்குள் போய்க்கொண்டிருக்கும். சாவியோடு ஒரு கறுப்புக் குமிழ் இருந்தது. அதை அமத்தினால் இரண்டாம் மாடியிலிருந்தே என்ஜினை ஸ்டார்ட் பண்ணலாம். என்ஜின் ஸ்டார்ட் ஆகும் ஒவ்வொரு தடவையும் ஒரு பெண் குரல் மிகப் பணிவாக ஜப்பானிய மொழியில் ஒரு வசனம் சொல்லும். என்ன சொல்கிறாள் என்று தெரியாது. காலை வணக்கமாக்கும் என்று நினைத்து நானும் சில நாட்களில் பதில் வணக்கம் சொன்னேன்.

மனைவி பல்கனியில் நின்று காரை முழுதாக ஒரு தரம் பார்த்தாள்.

"என்னப்பா இது? சனம் பாக்கிறதுக்கு வாங்கினதோ?"

"ஓடுறதுக்கு."

"எங்கை ஓட? பம்பலப்பிட்டி வரைக்குமோ? ரெண்டு செக்பொயிண்ட் இருக்கு. நடந்தாக் கெதியாப் போயிடலாம்."

பிறகு என் கையிலிருந்த கறுப்புக் குமிழைக் கண்டாள். "உதை ஆரும் கேட்டா திறப்பு எண்டு சொல்லுங்கோ. யதுர எண்டு சொல்லுங்கோ. மற்றச் சொல்லைச் சொல்லிப் போடாதையுங்கோ."

யதுர என்றால் சிங்களத்தில் சாவி. மற்றச் சொல், ரிமோட். அந்தச் சொல்லை நாங்கள் வெளியே சொல்வதில்லை. தூரத்தில் நின்று வெடிக்க வைக்கும் குண்டுகள் வந்த பிறகு, செய்தியில் மட்டும்தான் அந்தச் சொல் வந்தது. எங்கள் வீட்டில் தொலைக்காட்சியை மாற்றும் கருவிக்குக்கூட 'அமத்திறது' என்றுதான் பெயர். 'அமத்திறதை எடு', 'அமத்திறது எங்கை விழுந்தது' என்று கேட்டுக்கொள்வோம். யாரும் சட்டம் போடவில்லை. தானாக வந்த பழக்கம்.

அந்த வருடம்தான் அண்ணை யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். முப்பது வருடம் அரசாங்க எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடிப்படி ஏறினால் நெஞ்சுக்குள் பிடிக்கிறது, இதயத்தை ஸ்கான் பண்ணிப் பார்க்க வேண்டும் என்று அங்குள்ள டொக்டர் கடிதம் கொடுத்திருந்தார். யுத்தத்தால் தரைப்பாதை பூட்டியிருந்ததால் ஆமியிடம் பயணப் பாஸ் எடுத்துக் கப்பலில் வந்தார். கொழும்பில் நிற்பதற்குப் பொலிசில் பதிந்தோம், பதினாலு நாள் அனுமதி. தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டார். தன்னைக் கடைசிவரை பார்க்க வேண்டிய பொறுப்பு அரசாங்கத்துக்கு உண்டு என்ற நம்பிக்கை அவரிடம் மட்டும் மிஞ்சியிருந்தது. களுபோவில அரசாங்க ஆஸ்பத்திரியில் திகதி கிடைத்தது. பதின்மூன்றாம் நாள், காலை எட்டரை. மறுநாள் விடியவே கப்பலுக்குப் போகிற பஸ்.

அந்தக் காலையில் மனைவி ஓட்டோ ஒன்றைக் கூப்பிடட்டோ என்று கேட்டாள். அண்ணையும், "ஓட்டோவே காணும். உந்தக் காருக்குள்ள ஏற யோகாசனம் தெரியவேணும்" என்றார். நான்தான் விடவில்லை. சின்ன வயதில் அவருடைய சைக்கிள் பாரில் இருந்து பள்ளிக்கூடம் போனவன் நான். அவரை ஒரு தரம் என் பக்கத்தில் இருத்திக்கொண்டு போகவேண்டும் போலிருந்தது. இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்திருப்பார்கள், நாங்கள் ஓட்டோவில் போயிருப்போம்.

அண்ணை முதலில் தலையை உள்ளே கொண்டுபோனார், பிறகு தோள், பிறகு மிச்சத்தை இழுத்துப் போட்டார். கார் ஸ்டார்ட் ஆனது. அந்தப் பெண் பேசினாள்.

"ஆரடா இந்தப் பெட்டை?"

"ஜப்பான்காரி."

"என்ன சொல்லுறாள்?"

"தெரியாது."

"தெரியாமலே மூண்டு மாசமா இவளோட திரியிறாய்?"

டக்கென்று கதவுகள் பூட்டின. அண்ணை திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். "உள்ளுக்க போட்டுப் பூட்டுறதுக்கு இப்ப பொலிசும் தேவையில்லை" என்றார்.

பாலத்தடிச் செக்பொயிண்டில் மறித்தார்கள். அந்த நிறத்தில் அந்த உயரத்தில் ஒரு வாகனம் வந்தால் நானாக இருந்தாலும் மறித்திருப்பேன். சிப்பாய்க்கு இருபத்திரண்டு வயதிருக்கும். ரோஹலுக்கு, ஆஸ்பத்திரிக்கு என்றேன். அட்டைகளைக் கேட்டான். இரண்டிலும் பிறந்த இடம் யாழ்ப்பாணம். "பஹின்ன" என்றான், இறங்கச் சொல்லி. அண்ணை இறங்குவதற்கு நேரமெடுத்தது. அவன் பொறுமையிழக்கவில்லை. துவக்கைத் தோளில் மாட்டிவிட்டு அண்ணையின் முழங்கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். இதை நான் மறக்கக் கூடாது.

பிறகு என் கையிலிருந்த கறுப்புக் குமிழைக் காட்டி, "மே மொகக்த?" என்று கேட்டான். இது என்ன?

எனக்கு என் சிங்களத்தில் ஒரு பெருமை உண்டு. பத்திரிகை வாசித்து, புத்தகம் வாசித்துப் படித்த சிங்களம். சொற்ப சொற்களோடு தட்டுத் தடுமாறுகிற தமிழன் அல்ல நான். மனைவி சொன்ன யதுர என்ற சொல் மனத்தில் வந்தது. ஆனால் அது சாவி அல்லவே, சாவி தனியாக அல்லவா தொங்குகிறது என்று எனக்குள்ளிருந்த படித்த மனிதன் திருத்தினான்.

"ரிமோட் எக்க" என்றேன்.

அவன் முகம் மாறுவதைக் கண்டேன். உடனே அவனுடைய பயத்தைப் போக்க வேண்டும் என்று, இதை வைத்துக்கொண்டு தூரத்தில் நின்றபடியே வேலையைச் செய்யலாம் என்று விளக்கமும் சொன்னேன். அந்தச் சிங்கள வசனத்தில் ஒரு இலக்கணப் பிழைகூட இருக்கவில்லை. அதோடு நிற்காமல், செய்து காட்டலாம் என்று என் பெருவிரல் தானாகக் குமிழை அமத்தியது.

ஆளில்லாத கார் உறுமிக்கொண்டு ஸ்டார்ட் ஆனது. விளக்குகள் இரண்டு தரம் மின்னின. உள்ளேயிருந்து ஒரு பெண் அந்நிய மொழியில் பேசினாள்.

மணல்மூட்டைக்குப் பின்னால் எத்தனை பேர் பாய்ந்தார்கள் என்று நான் எண்ணவில்லை. நான் எப்போது தரையில் படுத்தேன் என்பதும் நினைவில்லை. அண்ணை மட்டும் நின்ற இடத்தில் நின்றார். அவருக்குச் சிங்களம் தெரியாது. அந்த ஒரு சொல் தெரியும். மெதுவாக இரண்டு கைகளையும் உயர்த்தினார். வலது கையில் ஆஸ்பத்திரிக் கடுதாசிகள் இருந்தன.

பொலிஸ் நிலையத்தில் எங்களை யாரும் அடிக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் காலத்தில் அது செய்தி. ஒரு நீட்டு மர வாங்கில் இருத்தினார்கள். காரை மோப்ப நாய் வந்து பார்த்தது. நாய்தான் முதலில் எங்களை நம்பியது. மனிதர்களுக்கு இன்னும் நான்கு மணித்தியாலம் தேவைப்பட்டது. அதிகாரி ஒருவர் திரையைப் பார்த்துவிட்டு, அம்பு ஏன் கடலுக்குள் நிற்கிறது என்று கேட்டார். வரைபடம் ஜப்பானுடையது, நாங்கள் அதற்கு வெளியே இருக்கிறோம் என்றேன். அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். தெரியாது என்றேன். அதையும் வாக்குமூலத்தில் எழுதினார். வாகனம் என்ன சொல்கிறது என்பது அதன் உரிமையாளருக்குத் தெரியாது. வாசித்துக் காட்டினார். நான் கையெழுத்து வைத்தேன்.

அண்ணை வாங்கில் நிமிர்ந்து இருந்தார். சுவர் மணிக்கூட்டில் எட்டரை ஆனதை இரண்டு பேரும் பார்த்தோம். பிறகு ஒன்பது. பத்தரைக்கு அவர் கடுதாசிகளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"என்னத்துக்கு? நல்லாத்தானே சிங்களம் கதைச்சனீ."

இரண்டரைக்கு விட்டார்கள். களுபோவிலவுக்கு ஓடினோம். அன்றைய நோயாளிகளைப் பார்த்து முடித்திருந்தார்கள். அங்கிருந்த நேர்ஸ் எங்களுக்காக உண்மையாகவே கவலைப்பட்டு, அடுத்த கிழமை ஒரு திகதி எழுதித் தந்தா. அடுத்த கிழமை அண்ணைக்கு இல்லை. வெளியே வந்து, இப்போதே தனியாரிடம் போவோம், ஒரு மணித்தியாலத்தில் பார்த்துவிடுவார்கள் என்றேன். அவர் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். முகம் சாம்பல் நிறமாக இருந்தது.

"விடியத்தொடக்கம் என்னைச் சோதிச்சுக்கொண்டுதானே இருக்கிறாங்கள், தம்பி. ஒரு நாளைக்கு ஒரு சோதனை காணும். தைக்கு வருவன், அப்ப பாப்பம்."

சோதனை என்ற ஒரே சொல்லை நாங்கள் ஆஸ்பத்திரிக்கும் செக்பொயிண்டுக்கும் வைத்திருக்கிறோம். நான் அன்றைக்கு அவரை வற்புறுத்தியிருக்க வேண்டும். ஆனால் காலையில்தான் ஒருதரம் வற்புறுத்தியிருந்தேன். இரண்டாவது தரம் வாய் வரவில்லை. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். விடிய அவர் பஸ் ஏறினார். ஓட்டோவில்தான் போனார்.

ஒரு மாதம் கழித்து மருதானையில் ஒரு மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோனேன். ஐந்து வருடம் ஜப்பானில் வேலை செய்து வந்த சிங்களவர். சாவியைத் திருப்பியதும் அவர் சிரிக்கத் தொடங்கினார். என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். அங்கே பெருந்தெருவில் காசு கட்டுவதற்கு ஒரு அட்டை இருக்கிறதாம். அதை இந்தத் துளைக்குள் போட வேண்டுமாம். அட்டை போடப்படவில்லை என்று சொல்கிறாள் என்றார்.

நான்கு மாதம் நான் வணக்கம் சொன்னது இதற்குத்தான். ஸ்டார்ட் பண்ணும் ஒவ்வொரு தடவையும் அவளும் அட்டைதான் கேட்டிருக்கிறாள். அன்றிரவே யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்தேன். லைன் கிடைப்பது அபூர்வம், கிடைத்தது. சொன்னேன். அண்ணை சிரித்தார்.

"அப்ப அவளும் ஆமிதானோ? அவளுக்கும் ஐ.சி.யைக் காட்டிப் போட்டு..."

சிரிப்பு பாதியில் நின்றது. லைன் அறுந்துவிட்டதென்று நினைத்தேன். அறவில்லை. மூச்சு வாங்குவது கேட்டது. நெடுநேரம் கேட்டது. பிறகு, "சரி தம்பி, வைக்கட்டே" என்றார்.

தை வந்தது. பாஸுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பாஸ் கிடைத்ததென்று அண்ணி சொன்னா. அதைச் சொல்வதற்காக அவ போன் எடுக்கவில்லை. அண்ணை போய்விட்டார் என்று சொல்ல எடுத்தவ. செத்தவீட்டுக்குப் போக எனக்குப் பாஸ் வர, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்துவிட்டது.

ஒருநாள், யாருமில்லாத நேரம் பார்த்து, என் அடையாள அட்டையை எடுத்து அந்தத் துளைக்குள் போட்டுப் பார்த்தேன். போகவில்லை. எங்கள் அட்டை அந்தத் துளைக்குப் பெரிது.

காரை விற்பதென்று முடிவாகி, வாங்குகிறவரிடம் காட்டக் கொண்டுபோன நாளில் அதே பாலத்தடியால் போனேன். அதே சிப்பாய் நின்றான். காரைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. அட்டைகூடக் கேட்கவில்லை. குனிந்து, காலியாயிருந்த பக்கத்து இருக்கையைப் பார்த்தான்.

"அர லொகு அய்யாட்ட கொஹொமத?" என்று கேட்டான். அந்தப் பெரிய அண்ணை எப்படியிருக்கிறார்?

பின்னால் ஒரு பஸ் ஹோன் அடித்தது. எனக்கு எவ்வளவோ சிங்களம் தெரியும்.

"ஹொந்தாய்" என்றேன். நல்லாயிருக்கிறார்.

அவன் சந்தோஷமாகத் தலையாட்டித் தடையைத் தூக்கினான். நான் மெல்லப் பாலத்தைத் தாண்டினேன். இருபதைத் தொட்டதும் கதவுகள் டக்கென்று பூட்டிக்கொண்டன.