அணில் கொறித்துவிட்டுப் போன சுரைக்காய்

மாசி பிறந்துவிட்டால் எனக்குக் கை பரபரக்கும். ராயபுரத்தில் எங்கள் மொட்டை மாடி முழுக்கப் பைகள். பனியன் கம்பெனிக்கு நூல் வரும் பாலிதீன் பைகளில் மண் நிரப்புவேன். கட்டிங்கில் மிஞ்சிய பனியன் துணியை நாடா நாடாவாகக் கிழித்துக் கொடிகளைக் கட்டுவேன். இழுத்தால் நீளும், தண்டை அறுக்காது. தக்காளி, கத்தரி, வெண்டை எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்துவிட வேண்டும் எனக்கு. மெதுவாகச் செய் என்று யார் சொன்னாலும் காதில் ஏறாது.

போன வருடம் சுரை புதிது. அது அப்பாவுக்காக. அப்பா கட்டிங் மாஸ்டர். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்து வந்த பிறகு, வெறும் வயிற்றில் சுரைக்காய்ச் சாறு குடித்தால் நல்லது என்று யாரோ அனுப்பிய வீடியோவை அவர் விடாமல் பிடித்துக்கொண்டார். கடைக் காயில் மருந்து அடித்திருப்பார்கள், நானே விளைவித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

விதை பொங்கலூரில் கிடைத்தது. மாமா தோட்டத்து வேலியில் தானாகப் படர்ந்த ஒரு கொடியில் காய்ந்துபோன குடுக்கை ஒன்று தொங்கியது. அதை உடைத்து எடுத்தேன். இதை யாரும் நடவில்லை, எங்கிருந்து வந்ததோ என்றார் மாமா. அசல் நாட்டு விதை என்று எனக்கு ஒரே குஷி. மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன். வீரபாண்டியில் இருக்கும் ஓர் அக்கா ஆசையாகக் கேட்டார். அவருக்கும் ஒரு பிடி கொடுத்தேன்.

பங்குனி முடிவதற்குள் வெயில் மாடியைப் பொசுக்கத் தொடங்கியது. போர் தண்ணீரின் உப்பு பைகளின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்தது. தக்காளி இலைகள் ஓரம் கருகின. கத்தரியில் மாவுப்பூச்சி அப்பியது. சுரை மட்டும் எதற்கும் அசரவில்லை. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஏறி, டிஷ் ஆண்டெனாவை மூடி, பக்கத்து வீட்டுச் சுவருக்குத் தாவியது. சாயங்காலம் வெள்ளைப் பூக்கள் விரிந்தால் மாடியே வேறு இடம் மாதிரி இருக்கும். ஒரு பூச்சிகூட அந்த இலையைத் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. மருந்தே அடிக்காமல் இப்படி வளர்த்திருக்கிறேன் பாருங்கள் என்று வீடியோ எடுத்துப் போட்டேன்.

முதல் காயின் கழுத்தில் அணில் ஒரு நக அளவு கொறித்திருந்தது. அடுத்த காயிலும் அதே அளவு. அதற்கடுத்ததிலும். எங்கள் வீட்டுக் கொய்யாவைத் தோல் மட்டும் மிஞ்சும்வரை தின்கிற அணில் அது. அணில் கடித்த பழம்தான் இனிக்கும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். அணிலே சான்றிதழ் கொடுத்துவிட்டது என்று அதையும் படம் எடுத்துப் போட்டேன். வீரபாண்டி அக்கா சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பினார்.

அம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெள்ளரியோ சுரையோ பீர்க்கோ, அரிந்ததும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் ஏற்றுவார். அன்றைக்கு அம்மா ஒரு கல்யாணத்துக்காகப் பொங்கலூர் போயிருந்தார். காயைப் பறித்ததும் நான், அரிந்ததும் நான், மிக்சியில் அடித்ததும் நான். இஞ்சியும் புதினாவும் போட்டு, வடிகட்டி, பெரிய டம்ளர் நிறைய அப்பாவிடம் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்ததும் அவர் முகம் சுருங்கியது.

"ஏஞ்சாமி, பாவக்காயாட்டக் கசக்குது?"

"நாட்டுக் காயிங்கப்பா. அப்படித்தான் இருக்குமுங்க."

"கசக்கட்டும் உடு. சக்கரைக்கு என்னையக் கண்டா ஒரு பயம் வரோணுமில்ல" என்று சிரித்துக்கொண்டே மூக்கைப் பிடித்து மீதியையும் குடித்து முடித்தார்.

சட்டை மாட்டும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு வாந்தி நிற்கவே இல்லை. ஆட்டோவில் என் தோளில் சாய்ந்தபடி எடுத்த வாந்தியில் சிவப்பு தெரிந்தது. மருத்துவமனையில் பிரஷர் இறங்கிக்கொண்டே போனது. என்ன சாப்பிட்டார் என்று கேட்ட டாக்டரம்மா, சுரைக்காய் என்றதும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"கசந்துச்சா?"

"ஆமாங்க."

கசக்கும் சுரைக்காய் விஷம் என்றார். அதற்கென்று மாற்று மருந்து கிடையாது, குளுக்கோஸ் ஏற்றி பிரஷரைத் தாங்கிப் பிடிக்கலாம், உடம்புதான் மீண்டு வர வேண்டும் என்றார். அப்பாவின் கை அன்று முழுக்கச் சில்லென்று இருந்தது.

கல்யாணப் புடவையோடு ஓடி வந்த அம்மா என்னைத் திட்டவில்லை. அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நாக்குல வெச்சுப் பாத்தியா கண்ணு?"



மறுநாள் காலையில் பிரஷர் கொஞ்சம் ஏறத் தொடங்கியது. இனிப் பயமில்லை என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் போனை எடுத்துப் பார்த்தேன். குழுவில் புதிதாக ஒரு படம் வந்திருந்தது. வீரபாண்டி அக்கா வீட்டுக் கம்பியில் ஒரு சுரைக்காய் தொங்கியது. முதல் காய் தயார் என்று எழுதியிருந்தார். கூப்பிட்டேன், போன் அணைந்திருந்தது. அவர்கள் கம்பெனியில் உள்ளே போகும்போதே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். சாப்பிடாதீர்கள் என்று அனுப்பிய செய்தி ஒற்றை டிக்கோடு நின்றது. அப்பாவை அம்மாவிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

கேட்டில் இருந்த வாட்ச்மேனிடம் அவசரம் என்று கெஞ்சிய பிறகு உள்ளே ஆள் அனுப்பினார். நேரம் நகரவே இல்லை. கடைசியில் தலைமுடியில் பஞ்சுத் தூசியோடு அக்கா வெளியே வந்தார். காயை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். நான் சுரையைப் பார்க்க ஆசைப்பட்டு வந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டு முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்.

"இன்னும் பறிக்கலீங் கண்ணு. பொழுதோட போயித்தான் பறிச்சு, மாமியாளுக்குக் கூட்டு வெக்கோணும். எங்கூட்டுக் காயயும் அணிலு கொறிச்சிருக்குது பாருங்க. கொஞ்சூண்டுதான். மிச்சமெல்லாம் நமக்குன்னு உட்டுட்டுப் போயிருச்சு."